புல்தரையில் கற்ற பாடம்

அருகம்புல்லை அறியாத தமிழர் இரார். பிள்ளையாருக்கு அதை மாலையாகச் சாத்துகிறோம். மணமக்களை வாழ்த்துங்கால் அருகுபோல் வேரூன்ற வேண்டும் என்கிறோம். ஆயினும், அதே அருகு வயலில் முளைத்துவிட்டால் உழவனுக்கு அதைவிடக் கொடிய பகை வேறில்லை. கிள்ளினாலும் தழைக்கும்; வெட்டினாலும் கணுவுக்குக் கணு வேர்விடும். தில்லியில் என் தந்தையார் செய்யும் தொழில் புல் வளர்ப்பது என்று ஊரிலுள்ள உறவினரிடம் முதன்முதலில் சொன்னபோது, என் பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “அருகைப் பிடுங்க நாங்கள் ஆள் வைத்துக் கூலி கொடுக்கிறோம், அதை வளர்க்க உங்களுக்குக் கூலி கொடுக்கிறார்களா? நல்ல ஊரப்பா உங்கள் ஊர்!” என்றார்.

அவர் சிரித்ததில் தவறில்லை. ஆனால் அந்தப் புல்லைத்தான் என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேணி வருகிறார். விழுப்புரம் பக்கத்திலிருந்து 1986-ஆம் ஆண்டு தில்லிக்கு வந்தவர் அவர். தென் தில்லியின் பெரிய வீடுகளுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் பசும்புல் தரைகளில் மிகுதியானவை நம் அருகம்புல்லே ஆகும். இங்குள்ளோர் அதைத் ‘தூப்’ என்பர். அத்தகைய தரைகள் ஐந்தாறு அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றுள் ஒன்றை நான் எவ்வாறு கெடுத்தேன், அது எவ்வாறு மீண்டும் தழைத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் இதே தொழில் செய்வோர் உண்டு. ரயில்வே குடியிருப்பில் ஒரு சிறு புல்தரையை வைத்துக்கொண்டு திண்டாடுவோரும் உண்டு. அவர்களுக்கேனும் இது பயன்படலாம் என்று கருதியே எழுதத் துணிந்தேன்.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் என் தந்தையார் டெங்குக் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவ்வமயம் அவர் ஏற்றுக்கொண்டிருந்த ஒரு பணி அரைகுறையாக நின்றது. வாடிக்கையாளர் வயது முதிர்ந்த ஓர் அம்மையார், பஞ்சாபியர். டிசம்பர் முதல் வாரத்தில் அவருடைய பேத்தியின் திருமண விருந்து அந்த வீட்டுப் புல்தரையிலேயே நடப்பதாக ஏற்பாடாகியிருந்தது. விருந்தினர் வரும் நாளில் தரை பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும் என்பது அம்மையாரின் ஒரே விருப்பம். என் தந்தையாரும் அதற்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு கெடலாகாது என்று, அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவருக்குப் பதிலாக நான் சென்றேன். பள்ளிப் பருவத்தில் விடுமுறைதோறும் அவருடன் சென்று வேலை செய்தவன் ஆதலால், தொழில் எனக்குப் புதிதன்று. அல்லது, புதிதன்று என்றே அப்போது நினைத்திருந்தேன்.

டிசம்பரில் அருகம்புல் பச்சையாக இருப்பது எளிதன்று. அது வெயிலை விரும்பும் புல். சித்திரை, வைகாசி வெப்பத்திலும் நீர் இருந்தால் தழைக்கும்; மழைக்காலத்தில் வாரம் இருமுறை வெட்டினாலும் அடங்காது. ஆனால் தில்லிக் குளிர் இறங்க இறங்க அதன் வளர்ச்சி நின்றுவிடும். டிசம்பர் இறுதியில் வைக்கோல் நிறமாகி, பிப்ரவரி வரையில் உறங்கும். செத்துவிட்டது என்று புதிதாய்ப் பார்ப்பவர் எண்ணுவர், செத்ததன்று. மேலே உள்ளது காய்ந்தாலும், தரைக்குள் ஓடும் தண்டுகளில் உணவைச் சேமித்து வைத்துக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருக்கும்.

இந்த இடைக்காலத்துக்காகத் தோட்டக்காரர்கள் ஓர் உபாயம் செய்வர். அருகின்மேல் குளிர்நாட்டுப் புல்லான ‘ரை’ விதையை அக்டோபர் நடுவில் தூவுவர். ஈரம் குன்றாமல் பார்த்துக்கொண்டால் ஐந்து முதல் பத்து நாளில் முளைத்துவிடும். அருகு உறங்கும் மாதங்களில் ரை தரையைப் பச்சையாக வைத்திருக்கும்; வெயில் முற்றியதும் தானே மடிந்து, அருகுக்கு இடத்தை விட்டுவிடும். சொல்வதற்கு இது மிகவும் எளிது. இதிலுள்ள இடர் விதையில் இல்லை. விதை விழும் இடத்தில்தான் இருக்கிறது.

அம்மையார் வீட்டுத் தரையில் கால் வைத்தவுடனே அது மெத்தைபோல் அமுங்கியது. குர்ப்பியால் ஒரு சிறு துண்டை ஆப்புப்போல வெட்டி எடுத்துப் பார்த்தேன். மேலே பச்சை இலை; கீழே மண்; இரண்டுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் பின்னிப் பிணைந்து கிடந்த ஒரு படலம். அடிக்கோலை வைத்து அளந்தால் முக்கால் அங்குலம் இருந்தது. இதை என் தந்தையார் ‘சடை’ என்பார். செத்த தண்டுகள், ஓடுகொடிகள், பழைய வேர்கள் ஆகியவை மட்குவதைவிட விரைவாகச் சேர்ந்தால் சடை உண்டாகிறது. வெட்டிய புல்லைத் தரையிலேயே விட்டுவிடுவதால்தான் சடை கட்டுகிறது என்று பலர் கூறுவது முழுதும் சரியன்று. இளம் இலை நீர்ச்சத்து மிக்கது, விரைவில் மட்கிவிடும். மட்க மறுப்பவை தண்டும் வேருமே. அளவுக்கு மீறி யூரியா இடுவதும், நாள்தோறும் மேலோட்டமாக நீர் தெளிப்பதும், பூச்சி மருந்தால் மண்புழுக்களை அழித்துவிடுவதும் சடையை வளர்க்கும். அந்த வீட்டில் இம்மூன்றும் பல ஆண்டுகளாக நடந்திருந்தன. உடனுக்குடன் பச்சை தெரிய வேண்டும் என்பது வீட்டாரின் கட்டளை. மாலி மறுத்துப் பேச இயலுமா?

சடை அரை அங்குலத்துக்குள் இருந்தால் கேடில்லை. சொல்லப்போனால் நடப்பவர் காலடியைத் தாங்கவும், மண்ணின் ஈரத்தைக் காக்கவும் அது உதவும். அதற்கு மேற்பட்டால் நீர் மண்ணுக்குள் இறங்காது. புல்லும் மண்ணில் வேர்விடாமல் சடைக்குள்ளேயே வேர்விடும். ஒரு நாள் நீர் தவறினாலும் வாடும். அதன்மேல் விதையைத் தூவினால், விதை மண்ணைத் தொடாது. முளைத்தாலும் வேர் பிடிக்க வழியின்றி இரண்டு நாளில் கருகிப்போகும். ஆகவே சடையை வாராமல் விதைப்பது வீண் செலவு.

மாலை மருத்துவமனைக்குச் சென்று தந்தையாரிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்கவும் வலுவின்றிக் கிடந்தார். எனினும் கேட்டுவிட்டு, “தம்பி, புல்லை ஒட்ட வெட்டு. பஞ்சாவால் மேலாக ஒருமுறை வாரு. விதை மண்ணைத் தொட்டால் போதும். சடையை இப்போது முழுக்க எடுக்காதே; அதற்கு இது காலமில்லை” என்றார். பஞ்சா என்பது இரும்புப் பற்கள் கொண்ட வாரி.

நான் சரி என்று தலையசைத்தேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. ஏனெனில் நான் அதற்கு முந்தைய இரண்டு இரவுகளாகக் கைப்பேசியில் அயல்நாட்டுப் புல்தரைத் தொழிலாளர் செய்யும் வேலையைக் காணொளிகளாகப் பார்த்திருந்தேன். நிமிர்ந்து சுழலும் கத்திகள் கொண்ட இயந்திரத்தைத் தரையின்மேல் நெடுக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை ஓட்டுகிறார்கள், மூட்டை மூட்டையாகச் சடை வெளியே வருகிறது, தரை மொட்டையாகிறது, உடனே விதைக்கிறார்கள், ஒரு மாதத்தில் வாடிக்கையாளர் வியந்து நிற்கிறார். அதுவும் இலையுதிர் காலத்தில்தான்! நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். விதைப்பையிலுள்ள ஆங்கிலத்தைப் படித்துப் பொருள் சொல்லக் கூடியவன். தந்தையாரோ கையெழுத்து மட்டும் போடக் கற்றவர். காய்ச்சல் மயக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவரைவிட நன்றாகச் செய்துகாட்ட வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது.

இரண்டு ஆட்களை அமர்த்திக்கொண்டு மூன்று நாள் வேலை செய்தோம். முதலில் புல்லை ஒட்ட வெட்டினோம். பிறகு பஞ்சாவை அழுத்தி நெடுக்கிலும் குறுக்கிலும் இழுத்தோம். வராத இடங்களில் குர்ப்பியால் சுரண்டினேன். தரைக்குமேல் ஓடிய கொடிகள் கணுவோடு பிய்ந்து வந்தன. எத்தனை வந்தனவோ அத்தனைக்கு எனக்கு மகிழ்ச்சி. இரண்டாயிரம் சதுர அடித் தரையிலிருந்து பதினொரு கோணிச் சடை வெளிப்பட்டது. மூன்றாம் நாள் காலை அம்மையார் தாழ்வாரத்துக்கு வந்து பார்த்தார். பச்சை இருந்த இடத்தில் புழுதியும் பழுப்புத் திட்டுகளும் கிடந்தன. அவர் முகம் வெளுத்துவிட்டது. “என்ன செய்துவிட்டாய், மகனே!” என்றார். தரை இவ்வாறு தோன்றும் என்று முன்னமே அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பிறர் பொருளில் கை வைப்பவன், அது நன்றாவதற்கு முன் எவ்வளவு மோசமாகத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை; தொழிலுக்கும் அதுவே பாதுகாப்பு.

விதைப்பில் மட்டும் குறை வைக்கவில்லை. நூறு சதுர அடிக்கு 300 கிராம் வீதம் ஆறு கிலோ ரை விதை வாங்கினேன். ரையில் ஓராண்டுப் புல், பல்லாண்டுப் புல் என இருவகை உண்டு. முன்னது விலை குறைவு. இலை சற்று முரடு, நிறம் வெளிறியது. பின்னது மெல்லிய இலையும் கரும்பச்சை நிறமும் உடையது. வெயிலையும் சிறிது தாங்கி நெடுநாள் நிற்கும். நெடுநாள் நிற்பது நல்லதுதானே என்று பல்லாண்டுப் புல்லையே தேர்ந்தேன். விதையை உலர்ந்த மணலில் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் பாதியைத் தெற்கு வடக்காகவும் தூவினோம். இவ்வாறு செய்தால் இடைவெளி விழாது. அதன்மேல் சலித்த மண்ணும் மட்கிய எருவும் கலந்து, கால் அங்குலத்துக்கு மிகாமல் பரப்பினோம். பின்னர் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பூவாளியால் நீர் தெளித்தோம். குழாயைப் பீச்சினால் விதை ஒரே மூலைக்கு ஒதுங்கிவிடும்.

ஏழாம் நாள் விடியற்காலையில் தரைமேல் பச்சைப் புகை படிந்தாற்போல முளை தெரிந்தது. அந்தக் காட்சியைக் கண்டவர்க்கே அதன் இன்பம் விளங்கும். மூன்று அங்குலம் வளர்ந்ததும் முதல் வெட்டு வெட்டினோம். டிசம்பரில் விருந்து நடந்தது. மின்விளக்கின் ஒளியில் தரை பட்டுப்போல் மின்னியது. அம்மையார் என் தந்தையாரை அழைத்து, அனைவர் முன்னிலையிலும் பாராட்டி ஒரு கம்பளிப் போர்வையும் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரர் அங்கேயே, “எங்கள் தரையையும் நீங்களே பாருங்கள்” என்று கேட்டுக்கொண்டார். வீடு திரும்பும் வழியில் தந்தையார் என்னிடம், “சடையை எவ்வளவு எடுத்தாய்?” என்று கேட்டார். “கொஞ்சம்தான் அப்பா” என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு உடம்பு பழையபடி தேறாததால், அந்த வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கவனித்து வந்தேன். ஜனவரிக் குளிரில் அக்கம்பக்கத்துத் தரைகள் எல்லாம் வைக்கோலாய்க் கிடக்க, எங்கள் தரை மட்டும் பசுமையாய் இருந்தது. பிப்ரவரி கழிந்தது. மார்ச்சு மாதம் பிறந்ததும் ரையை ஓர் அங்குலத்துக்கு ஒட்ட வெட்டி, நீரைக் குறைத்து, உரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். அப்போதுதான் கீழே விழித்தெழும் அருகின்மேல் வெயில் படும். அருகு நிழலில் வளராத புல். ஆனால் அம்மையாருக்கு அந்தப் பச்சையை விட மனமில்லை, எனக்கும் இல்லை. ஊட்டம் குறையலாகாது என்று யூரியாவும் இட்டேன். ஏப்ரல் வரையில் ரை முழங்கிக்கொண்டு நின்றது. அதன் அடியில் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

2024-ஆம் ஆண்டின் கோடையைத் தில்லிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மே 29-ஆம் நாள் சப்தர்ஜங் நிலையத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அதற்கு முன்பே ரை முழுதும் மடிந்துவிட்டது. மடிந்த ரையின் கீழிருந்து அருகு எழும் என்று காத்திருந்தோம். எழவில்லை. சுவரோரத்திலும், நான் குர்ப்பி வைக்காத மூலைகளிலும் மட்டும் பச்சை தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வழுக்கை. மூன்றில் இரண்டு பங்கு வெறும் மண்.

இதற்கிடையே தந்தையார் ஒருநாள் என்னுடன் வந்தார். தரையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து குர்ப்பியால் நான்கைந்து இடத்தில் தோண்டினார். உள்ளே ஓடவேண்டிய தண்டுகள் துண்டு துண்டாக, உலர்ந்த நூல்போல வந்தன. அவற்றை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். அவ்வளவே.

அப்போது அம்மையார் வெளியே வந்தார். கோபத்தை எதிர்பார்த்து நான் நடுங்கினேன். அவரோ, “இந்த வெயிலில் யார் என்ன செய்ய முடியும், மாலிஜி? மனிதரே தாங்கவில்லை, புல் எங்கே தாங்கும்?” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆம், வெயில்தான்! ஊர் முழுதும் வெயிலைப் பழிக்கும்போது நாமும் பழித்துவிட்டுப் போகலாம். யார் மறுக்கப் போகிறார்கள்?

தந்தையார் எழுந்து நின்று, கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, “வெயில் இல்லை, மேடம்ஜி. தூப் இந்த வெயிலுக்குச் சாகாது. அக்டோபரில் எங்கள் கை அதிகமாக விழுந்துவிட்டது. தப்பு எங்களுடையது” என்றார். ‘என் மகனுடையது’ என்று அவர் சொல்லவில்லை. மழை வந்ததும் தரையைத் திரும்ப நட்டுத் தருவதாகவும், அதற்குக் கூலி வேண்டியதில்லை என்றும் கூறினார். அம்மையார் சிறிது நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “மண்ணுக்கும் எருவுக்கும் நான் கொடுத்துவிடுகிறேன்” என்று மட்டும் சொல்லி உள்ளே சென்றுவிட்டார்.

பேருந்தில் வரும்போது என்னால் தாங்க முடியவில்லை. பதினொரு கோணிச் சடை எடுத்ததை ஒப்புக்கொண்டேன். அவர் சினக்கவில்லை. “விருந்தன்றே எனக்குத் தெரியும். காலை வைத்தால் தெரியாதா? மெத்தை மொத்தமும் போயிருந்தது. மார்ச்சில் ரையை ஒட்ட வெட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். நீ வெட்டியிருப்பாய் என்று இருந்துவிட்டேன்” என்றார். நான் பொய் சொல்லாமலிருந்தால், அவர் மார்ச்சில் தாமே வந்து பார்த்திருப்பார். அந்தத் தரையைக் கொன்றது குர்ப்பி பாதி. என் பொய் பாதி.

பின்னர் அவரிடமே கேட்டும், சில நூல்களைப் பார்த்தும் என் பிழையின் காரணத்தை அறிந்தேன். நான் பார்த்த காணொளிகள் பொய்யல்ல. ஆனால் அவை குளிர்நாட்டுத் தரைகள். அங்கே தரையே பெரும்பாலும் ரை, ஃபெஸ்க்யூ, நீலப்புல் போன்ற குளிர்ப் புற்களால் ஆனது. அவற்றுக்கு இலையுதிர் காலமே வளரும் பருவம். வாரினால் ஏற்படும் காயம் சில வாரங்களில் ஆறிவிடும். நம் அருகுக்கோ அது உறங்கப்போகும் பருவம். குளிருக்காக உணவைச் சேமிக்கும் வேளையில் அதன் கொடியையும் தண்டையும் பறித்துவிட்டேன். எஞ்சியதை ரையின் நிழலில் மார்ச்சும் ஏப்ரலும் பட்டினி போட்டேன். ஒரு நாட்டின் பஞ்சாங்கத்தைக் கொண்டு மற்றொரு நாட்டில் விதைத்த கதை இது.

அருகின் சடையை நீக்க உரிய காலம் மழைக்கு முந்திய நாட்களே. தில்லி மாலிகள் இதைச் ‘சிலாயி’ என்பர். சுரண்டுதல் என்று பொருள். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தைப் பற்றிப் பலர் அறிவர். முகலாயத் தோட்டம் என்று இருந்து 2023-இல் அமிர்த உத்தியான் எனப் பெயர் மாறியது. அங்கும் இருப்பது அருகே. கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டது. ஆண்டுதோறும் மழைக்கு முன் அங்குள்ள புல்தரையை முழுதும் எடுத்துவிட்டுப் புதுமண் பரப்புவது வழக்கம் என்றும், மூன்று வாரத்தில் புல் மீண்டும் தழைத்துவிடும் என்றும் அத்தோட்டத்தைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. நான் செய்ததைவிடக் கடுமையான சுரண்டல் அது. ஆயினும் அது தழைக்கிறது; நான் செய்தது மடிந்தது. வேறுபாடு காலம் ஒன்றே. வெப்பமும் மழையும் சேர்ந்த அந்தப் பருவத்தில் அருகுக்கு எந்தக் காயமும் ஒரு பொருட்டன்று.

அந்த ஜூனில் தில்லியில் குடிநீருக்கே தட்டுப்பாடு. புல்லுக்கு நீர் கேட்க யாருக்கு மனம் வரும்? ஆகவே காத்திருந்தோம். ஜூன் 28-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நகரமே மிதந்தது. ஒரு வாரம் கழித்து, மண் பதமான பிறகு நடவைத் தொடங்கினோம். தந்தையார் பொறுப்பிலிருந்த வேறொரு தரையின் ஓரத்திலிருந்து நல்ல கொடிகளை எடுத்து, இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளாக நறுக்கினோம். நான்கு அங்குல இடைவெளியில், ஒரு சதுர அடிக்கு ஒன்பது துண்டு. கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியேயுமாக நட்டு, காலால் மிதித்தோம். ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் துண்டுகள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் என் மனைவியும், இடைநாட்களில் தந்தையாரும் நட்டோம். கோப்பு புரட்டிப் பழகிய என் விரல்களில் கொப்புளம் எழுந்தது. நாற்று நடும் குடும்பத்தில் பிறந்தவள் ஆதலால் என் மனைவி மட்டும் என்னைவிட இரு மடங்கு நட்டாள்.

ஆகஸ்டு இறுதியில் துண்டுகள் ஒன்றோடொன்று கைகோத்துத் தரை மூடியது.

இழப்பு இல்லாமல் போகவில்லை. அடுத்த வீட்டுக்காரர் அவ்வாண்டு அக்டோபரில் எங்களை அழைத்தார். அவர் தரையிலும் கனத்த சடை. “இப்போது மேலாக வாரி விதைக்கிறோம், அவ்வளவு அடர்த்தியாக வராது. சடையை வருகிற ஜூனில் எடுக்கலாம்” என்று தந்தையார் விளக்கினார். “போன வருஷம் அங்கே செய்ததுபோல் செய்ய முடியுமா, முடியாதா?” என்றார் அவர். “முடியும், செய்ய மாட்டோம்” என்றார் தந்தையார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. மாதந்தோறும் வந்திருக்கக்கூடிய ஒரு தொகை அது. எங்கள் வீட்டு நிலையில் சிறிதன்று. ஆனால் அம்மையார் எங்களை விடவில்லை. அவர் வீட்டில் அந்த அக்டோபரில் ஓராண்டு ரையை அளவு குறைத்துத் தூவினோம். மார்ச்சு முதல் வாரத்தில் ஒட்ட வெட்டி, நீரைக் குறைத்தோம். இரண்டு வாரம் தரை பார்க்கச் சகிக்காமல் இருந்தது. இம்முறை அதை முன்னமே சொல்லியிருந்தோம். அம்மையார் சிரித்துக்கொண்டே பொறுத்தார். ஏப்ரலில் அருகு எழுந்தது.

தங்கள் வீட்டு வாசலில் சிறு புல்தரை வைத்திருப்போருக்கு என் சிறு அனுபவத்திலிருந்து சில சொல்லலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு துண்டு வெட்டிச் சடையை அளந்து பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஜூன் மாதத்தில் எடுங்கள், அக்டோபரில் எடுக்காதீர்கள். நீரை நாள்தோறும் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி பாய்ச்சுங்கள். யூரியாவைக் குறைத்து, மட்கிய எருவைச் சலித்துத் தூவுங்கள். மண்புழு பெருகினால் சடையை அதுவே தின்று மண்ணாக்கிவிடும். குளிர்காலத்தில் பச்சை வேண்டுமென்றால் ரை தூவலாம். ஆனால் மார்ச்சில் அதை விடை கொடுத்து அனுப்பும் மனத்துணிவு இருப்பவர்களே தூவவேண்டும். துணிவில்லாதவர் இரண்டு மாதம் வைக்கோல் நிறத்தைப் பொறுத்துக்கொள்வது நல்லது.

தந்தையாருக்கு இப்போது வயதாகிவிட்டது. பாதித் தரைகளை விட்டுவிட்டார். அம்மையார் வீட்டை மட்டும் விடவில்லை. சென்ற முறை நான் உடன் சென்றபோது, மாலை நேரத்தில் வேலை முடிந்து தரையின் ஓரத்தில் அமர்ந்தோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தைப் புல்மேல் அழுத்திப் பார்த்தார். “எவ்வளவு இருக்கும், அப்பா?” என்று கேட்டேன். “கால் அங்குலம்” என்றார். குர்ப்பியால் ஒரு துண்டு வெட்டி எடுத்து, அடிக்கோலை வைத்து அளந்து பார்த்தேன். கால் அங்குலந்தான் இருந்தது.